செபமாலை இரண்டு

வங்கியில் கேட்டார்கள், வீட்டுக் கடனா வாகனக் கடனா.
வீடு என்றேன். உறுதி கேட்டார்கள்.
வாகனம் என்றேன். எத்தனை சில்லு என்று கேட்டவனுக்கே
சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு காப்பு இரண்டையும் அடகுக் கடையில் கழற்றினேன்.
பாரமில்லாத கை சும்மா சும்மா மேலே எழும்பியது.

இருபத்தெட்டு அடி. நாயாற்றுக் களப்பில்
மூன்று வருடமாய் ஒரே தறியில் கட்டிக் கிடந்தது.
மரத்துக்கு மேல் பைபர், பைபருக்கு மேல் காகம்.
எமில்டன் ஏழு லட்சம் என்றான்,
என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்து.

நிரஞ்சலாவைக் கூட்டிப் போயிருந்தேன்.
முல்லைத்தீவில் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவள்.
திருப்புளியின் பிடியால் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள்,
காதை மரத்தோடு வைத்து.
"டக் எண்டால் நல்லம். டொப் எண்டால் ஊறிப்போச்சு."
டொப் கேட்ட இடமெல்லாம் வெள்ளைக் கட்டியால் வட்டம்.
கடையாலுக்கு வரும்போது பதினொரு வட்டம்.
ஒவ்வொரு வட்டத்துக்கும் எமில்டன் கொஞ்சம் இறங்கினான்.
இஞ்சின் நாலாம் இழுவைக்கு எழும்பி
கறுப்பாய் ஒருதரம், வெள்ளையாய் ஒருதரம் இருமிவிட்டுப் படுத்தது.
"வெள்ளைப் புகை கூடாது" என்றாள்.
நான் எங்கேயும் போகப் போவதில்லையே என்றேன்.
"போகாத போட்டுத்தான் கெதியா உக்கும்."

மூன்றே முக்காலுக்கு முடிந்தது,
நங்கூரத்தோடும் அரை வாளித் துரு ஆணியோடும்.
அணியத்தில் நீல எழுத்து: செபமாலை 2.
ஒன்று எங்கே என்று கேட்டேன்.
எமில்டன் எண்ணிய காசை மறுபடி எண்ணத் தொடங்கினான்.

அலுமாரி வாசலுக்குள் நுழையவில்லை, விற்றேன்.
கட்டிலையும் விற்றேன்.
பதினாலு வாடகை வீட்டுக்குத் தூக்கித் திரிந்த
கண்ணாடிக் கோப்பை செட்டை யாருக்கோ கொடுத்தேன்.
தையல் மெசின் இஞ்சின் பெட்டிக்கு மேலே ஏறியது.
நிமிர்ந்து நிற்க இடமில்லை.
முதல் கிழமை நெற்றியில் மூன்று வீக்கம்,
அதற்குப் பிறகு சங்கத்துக் கந்தோரிலும் குனிந்தே நுழைந்தேன்.
கக்கூசுக்குக் கரையில் வாடிக்காரரோடு மாதக் கணக்கு.
விடியப்புறம் கூரை வியர்த்து
ஒரு சொட்டு, எப்போதும் இடது கண்ணில்.

கிராம சேவகர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றார்.
"வீட்டிலக்கம்?"
மீன்பிடித் திணைக்களம் எழுதியது இருக்கிறது என்றேன்.
"ஒழுங்கை?"
ஒரு கொக்கு நடந்து போனது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
நிரந்தர வதிவிடம் என்ற கட்டத்தில் பேனையை வைத்தார்,
எடுத்தார்.
"மழை முடிய வாறன் பிள்ளை."

மழை முடியவில்லை.
களப்பு நிறைய நிறைய வீடு இரவுக்கு ஒரு சாண் உயர்ந்தது.
கரைக்குப் போட்ட பலகை எட்டாமல் போனது.
வேலைக்கு, சீலையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவில் போனேன்.
பிறகொரு நடுச்சாமம் முகத்துவாரம் உடைத்தது.
சத்தம் கேட்கவில்லை.
பானைதான் முதலில் தெரிந்துகொண்டது. உருண்டது.
பின்னால் விளக்கு, அரிசி டின், நான்.
களப்புத் தண்ணீர் எல்லாம் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க
வீடு சேற்றில் மெல்ல ஒருபக்கம் சரிந்து
இருந்துகொண்டது, ஒரு மாடு படுப்பது போல.
சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மடிப்பு உண்டானது.
அதில் படுத்தேன். நல்ல நித்திரை.

காலையில் நிரஞ்சலாவுக்கு போன் அடித்து அழத்தான் நினைத்தேன்.
"சரிஞ்சு கிடக்கோ? ஐயோ நல்ல காலம்.
அடிப்பக்கம் இப்பதான் தெரியும். தண்ணி ஏற முதல் வாறன்."
சொன்னபடியே வந்தாள், முழங்கால் சேற்றோடு.
சரிந்த அடுப்பில் அரைக் கேத்தில் தண்ணீர் வைத்துவிட்டு
உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
டக். டக். டக்.
நண்டுகளை விலக்கி விலக்கி வருகிறாள்.
டக். டக்.
டொப்,
சரியாக என் தலையணைக்குக் கீழே.

வட்டம் போட்டு வை என்று கத்தினேன்,
தேத்தண்ணி குடிச்சிட்டுப் பார்ப்பம்.